பாதி ஜீப் என் கொட்டகையில்

செப்டம்பர் 24, செவ்வாய்

ஜெனரல் ஷிஃப்ட். கன்வேயர் மோட்டார் ஒன்று காலையிலேயே மண்டையைப் போட்டது. ஒரகடத்திலேயே மெயின்டனன்ஸ் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்கிற மாதிரி ஆளாளுக்கு என் பெயரையே கூப்பிட்டார்கள். பலராமன் சார், பலராமன் சார்! சாப்பிடக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவில் வீட்டு வரி ரசீதைத் தேடினேன். ரசீது இல்லை, ஜீப்பின் ஆர்.சி. அகப்பட்டது. டிசம்பர் 12-ஓடு முடிகிறது. அதற்குள் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். விட்டால் அவ்வளவுதான், எடைக்கடை.

கொண்டுபோய்க் காட்ட வண்டி முழுசாக இருந்தால்தானே? ஆர்.சி.யில் சேசிஸ் நம்பரும் இருக்கிறது, எஞ்சின் நம்பரும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்பார்கள். சேசிஸ் என் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் சிங்கப்பெருமாள் கோவிலில், யாக்கோபு வீட்டில். அவனோடு நான் பேசி நாலு வருஷம் ஆகிறது.

என் பெண்டாட்டி கனகத்திடம் சொன்னேன். "ஒரு போன் போட்டா முடிஞ்சிது" என்றாள். இவளுக்கு எல்லாமே ஒரு போன்தான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாசத்துக்கு ஒரு ஞாயிறு வழக்கம்போலக் கொட்டகையைத் திறந்தேன். ஜாக்கியில் ஏற்றி நாலு சக்கரத்தையும் சுற்றிவிட்டேன். முன் சக்கரத்து ஹப்பைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்தேன். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் போன மாசம் பூனை குட்டி போட்டிருந்தது. இந்த மாசம் குடும்பத்தோடு காலி செய்துவிட்டது.

எண்பத்தாறு மாடல். இந்தப் பக்கம் கம்பெனி எதுவும் வராத காலத்தில், நிலம் அளக்க வந்த சர்வே காண்டிராக்டரின் வண்டி, பிற்பாடு நான் அவரிடம் வாங்கிக்கொண்டேன். நான் டிரைவர். யாக்கோபு அளவுச் சங்கிலி பிடிக்கிறவன். அப்போது ரோடு ஏது இங்கே? ஏரி, வாய்க்கால், கருவேல முள், மழை வந்தால் முழங்கால்வரை களி. ஊருக்குள் எங்கள் வண்டி நுழைந்தாலே "சர்வே ஜீப்பு வந்துட்சி"ன்னு சனம் கூடிவிடும். சில வீட்டில் மோர் கொடுப்பார்கள். சில வீட்டில் நாயை அவிழ்த்து விடுவார்கள். மோர் எந்த வீடு, நாய் எந்த வீடு என்று யாக்கோபுக்குத்தான் தெரியும்.

ஃபோர்வீல் என்றால் லிவரைத் தள்ளினால் போதும் என்று இப்போது நினைக்கிறார்கள். இந்த வண்டிக்கு அது போதாது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு உண்டு, ஹப் லாக். யாராவது இறங்கிப் போய் அதைக் கையால் திருப்பினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை வரும். வண்டி புதைந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் யாக்கோபு குதித்திருப்பான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. திருப்பிவிட்டு பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போட்டாச்சு!" என்று கத்துவான். நான் லிவரைத் தள்ளுவேன். வண்டி எழுந்து வரும்.

எங்கள் கம்பெனியின் மூன்றாம் நம்பர் கேட் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் ஒரு தரம் பகல் முழுக்கப் புதைந்து கிடந்தோம். இப்போது அதே இடத்தில் செக்யூரிட்டி என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்க்கிறான்.

அக்டோபர் 2, புதன்

லீவு. ஜீப்புக்கென்று வாங்கிப் போட்ட புது எஞ்சின் மேல் இருந்த தார்ப்பாயை எடுத்துப் பார்த்தேன். எலி ஒயரைத் தின்றிருக்கிறது.

புதுசு என்றால் புதுசு இல்லை, ஒரு வேனில் இருந்து எடுத்தது. நல்ல எஞ்சின்தான், குறை சொல்ல முடியாது. இதை ஜீப்பில் ஏற்ற மூன்று மெக்கானிக் வந்து பார்த்தார்கள். ஒருத்தன் எஞ்சினை உட்கார வைக்கிற மவுண்டை வெல்டு வைத்தான், ஸ்டார்ட் செய்ததும் வண்டி மொத்தமும் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறியது. இன்னொருத்தன் ரேடியேட்டரை நகர்த்த வேண்டும் என்றான். மூன்றாவது ஆள் டீ குடித்துவிட்டுப் போனவன்தான்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்.சி. விஷயத்தைப் போட்டேன். சென்னையிலிருந்து ஹேமந்த் என்று ஒரு பையன், "பழைய நம்பரைப் புது எஞ்சின்ல பஞ்ச் பண்ணிடுங்க சார், யாரு பாக்கப்போறா?" என்று எழுதினான். நான் பார்ப்பேனே! மாசாமாசம் பானெட்டைத் தூக்குகிறவன் நான். என் வண்டியை நானே திருட்டு வண்டி ஆக்கிக்கொண்டு அதில் ஏறி உட்காரவா? குரூப்பை மியூட்டில் போட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனியில் காலையிலேயே லைனை நிறுத்திப் பொரி கொடுத்தார்கள். வீட்டில் ஜீப்பைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எப்போதும் யாக்கோபு வேலை. "சாமி உன்னுது, பழம் என்னுது" என்பான். சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனாலும் நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்க வேண்டும் அவனுக்கு. ஒன்று தப்பினால் இன்னொரு தரம் பின்னால் எடுக்கச் சொல்லுவான்.

இந்த வருஷமும் நானே வைத்தேன். எஞ்சின் இல்லாத வண்டியை நானும் கனகமும் பின்னால் நின்று தள்ளினோம். பின் சக்கரம் ஏறியது, முன் சக்கரத்துப் பழம் இரண்டும் உருண்டு ஓடிவிட்டது. "போதுங்க, எனக்கு இடுப்பு புட்ச்சிக்கிச்சி" என்று கனகம் உட்கார்ந்துவிட்டாள். எதிர் வீட்டு சசிரேகா பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

சண்டை என்ன பெரிய சண்டை? எஞ்சின் புகை தள்ளிக்கொண்டிருந்தது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேன் எஞ்சின் வைப்போம், பவர் ஸ்டியரிங்கும் போட்டுவிடுவோம் என்றேன். "வேணான்டா, சிலிண்டரை போர் பண்ணா போதும், சொன்ன பேச்சு கேட்டுக்கினு ஓடும்" என்றான். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. "வண்டி ஓட்டாதவனுக்கு எஞ்சினைப் பத்தி இன்னாடா தெரியும்? அது எடைக்குப் போட வேண்டிய சாமான்" என்றேன். இருபது வருஷம் பழகினவர்களுக்குள் இது ஒரு பேச்சா? அடுத்த ஞாயிறு எஞ்சினைத் தூக்குகிற செயின் பிளாக்கோடும் ஒரு குட்டி யானை லோடு வண்டியோடும் வந்து நின்றான். "எடைக்குத்தானே போடப் போற, நானே எட்த்துக்கறேன்" என்றான். எஞ்சின், கியர் பாக்ஸ், ஃபோர்வீல் பாக்ஸ், மூன்றும் ஒரே குலையாகப் போயின. நானும் எடுத்துக்கொள் என்றுதான் நின்றேன். அப்புறம் என்ன செய்வது, வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சவா?

அக்டோபர் 17, வியாழன்

கேன்டீனில் எழிலரசி வந்து எதிரே உட்கார்ந்தாள். யாக்கோபின் மகள். எங்கள் கம்பெனியிலேயே குவாலிட்டியில் இருக்கிறாள். அப்பன் பேசாவிட்டாலும் அவள் பேசுவாள்.

"பெரிப்பா, ஜீப்புக்கு ஆர்.சி. முடியுதாமே?"

உனக்கு யார் சொன்னது என்றேன். அதை விட்டுவிட்டு வேறு சொன்னாள்.

"அப்பா அந்த எஞ்சினுக்கு ஸ்டாண்டு அட்ச்சி வெச்சிகீறாரு. அப்பவே போர் பண்ணிட்டாரு. ஞாயித்துக்கெழமை சர்ச்சிலேந்து வந்தா, சட்டைகூட மாத்தமாட்டாரு, அத்த ஸ்டார்ட் பண்ணி வுட்டு நின்னு பாத்துக்கினு இருப்பாரு. ஓடாம வுட்டா புட்ச்சிக்குமாம். அம்மா கத்தும், துணியெல்லாம் டீசல் நாத்தம்னு."

"எல்லா ஞாயித்துக்கெழமையுமா?"

"மழையில குடை புட்ச்சிக்கினு ஸ்டார்ட் பண்ணதை நானே பாத்தேன் பெரிப்பா. எஞ்சினுக்குக் குடை, அவரு நனையறாரு."

சாம்பார் ஆறிப்போனது. என்ன சாப்பிட்டேன் என்றே தெரியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அப்படி என்ன திமிர் அவனுக்கு? நான் வேண்டாம் என்றதை எடுத்துப்போய் வைத்துக்கொண்டு வாராவாரம் எனக்கு எதிராகப் புகை விடுகிறான். ஓடுகிறது பார், ஓடுகிறது பார் என்று. அவன் ஓட்டவே போவதில்லை. வண்டியைத் தா என்று கேட்பானா? கேட்கமாட்டான். எஞ்சினைத் தா என்று நான் கேட்பேனா?

ஏன் தூக்கம் வரவில்லை எனக்கு?

அக்டோபர் 20, ஞாயிறு

போனில் அவன் நம்பரை எடுத்தேன். இன்னும் 'ஹப் யாக்கோபு' என்றுதான் பதிந்திருக்கிறது. ஒரு ரிங் போனது. கட் செய்துவிட்டேன்.

அவன் திருப்பிக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு அரசாங்கமே நடக்கிறது.

கனகம் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். தனியாக ஒரு தூக்குவாளியில் எடுத்து வைத்தாள். யாருக்கு என்றேன். "காந்திமதிக்கு" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி. காந்திமதி யாக்கோபின் பெண்டாட்டி. நாலு வருஷமாக தீபாவளிக்கு இங்கிருந்து போகிறதாம். எழிலரசி கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் வந்து வாங்கிக்கொண்டு போகிறாளாம்.

"அப்ப கிறிஸ்மஸுக்கு அங்கேந்து ஒண்ணும் வராதா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"வருஷா வருஷம் கேக்கு துன்றீங்களே, எங்கேந்து வர்துன்னு நென்ச்சீங்க?"

பேக்கரி கேக் என்று நினைத்தேன். நன்றாக இருக்கிறது, எந்தக் கடை என்றுகூட ஒரு வருஷம் கேட்டிருக்கிறேன். இரண்டு பொம்பளைகளும் என்னை வைத்து எப்படிச் சிரித்திருப்பார்கள்!

"சிரிக்கிறதுக்கு அங்க யாருக்கும் தெம்பு இல்ல" என்றாள் கனகம். "யாக்கோபு அண்ணனுக்கு முட்டி போய்ட்ச்சி. மாடிப்படி ஏற மாட்டேன்றாரு. எஞ்சின் விஷயம் நான் காந்திமதி காதுல போட்டுட்டேன். நீங்க சும்மா இருங்க, அது போதும்."

சும்மா இருக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. யாக்கோபு காந்திமதியிடம் சொல்லி, காந்திமதி கனகத்திடம் சொல்லி, கனகம் தோசை ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னது: "எஞ்சின் வரும். ஆளு வராது."

நல்லது. எனக்கு எஞ்சின்தான் வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

வந்தது. வாலாஜாபாத் மெக்கானிக் பாபு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தான். போர்வை சுற்றி, கயிறு கட்டி, காற்றுக் குழாய் வாயில் சுத்தமான துணி அடைத்து, குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற மாதிரி. போல்ட்டு நட்டெல்லாம் பிஸ்கட் டப்பாவில் தனியாக. ஒன்றில்கூடத் துரு இல்லை.

"யாக்கோபு அண்ணன் வண்டி கூடவே தெரு முனை வரைக்கும் நடந்து வந்தாரு" என்றான் பாபு. "பள்ளத்துல மெதுவா போ, மெதுவா போன்னு. முட்டியை இழுத்துக்கினு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

நவம்பர் 10, ஞாயிறு

பூட்டியாகிவிட்டது. பழைய மவுண்டில் பழைய எஞ்சின் அப்படியே போய் உட்கார்ந்தது. நாலு வருஷமாக மூன்று பேர் வெல்டு வைத்து அடித்துப் பார்த்த இடத்தில், பாபு ஒரு கடப்பாரையால் லேசாக நெம்பினான், போல்ட் உள்ளே போய்விட்டது. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

முதல் சாவியிலேயே எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம். ஏரிக்கரையில் சர்வே கொடி நட்டுவிட்டு வருகிற சாயங்காலம், பின்னால் யாக்கோபு சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு இருப்பான், வண்டி இப்படித்தான் நின்று உறுமிக்கொண்டிருக்கும். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் பிரெட் ஆம்லெட் தின்னப் போவோம். கேட் போட்டிருந்தால் அவன் இறங்கிப்போய் இரண்டாகக் கட்டி வாங்கி வந்துவிடுவான். எனக்கு வெங்காயம் போடாமல்.

சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கனகத்திடம் போய் "ஓடுது" என்றேன். "கேக்குது" என்றாள்.

வேன் எஞ்சினைப் பாபு எடுத்துப் போகிறேன் என்றான். எடுத்துக்கொள் என்றேன். நல்ல எஞ்சின்தான். இடம் அடைக்கிறது, அதனால்தான்.

நவம்பர் 16, சனி

இன்று நடந்ததை எழுத வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

வாரம் முழுக்க மழை. இன்று மத்தியானம் வெறித்தது. ஆபீசரிடம் காட்டுவதற்குள் ஃபோர்வீல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே! நானே தனியாக எடுத்துக்கொண்டு எங்கள் ஏரிப் பக்கம் போனேன். கரை ஓரம் பழைய மாட்டு வண்டிப் பாதை, நல்ல களி. இறக்கினேன். நாலடி போனது, பின் சக்கரம் உட்கார்ந்தது. சரி, இதற்குத்தானே வந்தோம் என்று லிவரைத் தள்ளினேன். கிளிக் என்று விழுந்தது. கிளச்சை விட்டேன்.

பின் சக்கரம் மட்டும் சுற்றுகிறது. முன் சக்கரம் அசையவே இல்லை. மறுபடி. மறுபடி. சேறு முதுகுவரை அடிக்கிறது, வண்டி இறங்கிக்கொண்டே போகிறது. அச்சு மண்ணில் தட்டிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! துரோகி! உடைந்த ஃபோர்வீல் பாக்ஸைப் போர்வை சுற்றி அனுப்பியிருக்கிறான். நான் ஆபீசர் முன்னால் அசிங்கப்படவேண்டும் என்று. நம்பரை எடுத்தேன், அடித்துவிட்டேன். கட் செய்யவில்லை.

"இன்னாடா நென்ச்சிக்கினு இருக்க? ஒடஞ்ச பொட்டியைக் குடுத்து ஏமாத்தறியா? ஏரிக்கரையில புதைஞ்சி கெடக்கறேன், முன்சக்கரம் சுத்தவே இல்ல! இதுக்குத்தான் நாலு வருஷம் வெச்சிக்கினு இருந்தியா?"

நேற்றுப் பேசிவிட்டுப் போனவன் மாதிரி கேட்டான்:

"எறங்கி ஹப்பைத் திருப்புனியா?"

திருப்பவில்லை.

கொட்டகையில் மாசாமாசம் கிரீஸ் வைத்து எத்தனை தடவை திருப்பியிருக்கிறேன்! ஓட்டும்போது திருப்பியதே இல்லை. வண்டி புதைந்தால் லிவரைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். மற்றது தானாக நடக்கும். அது தானாக நடக்கவில்லை என்பது அந்த ஏரியோரம் உட்கார்ந்திருந்தபோதுதான்—

போனை வைத்துவிட்டேன்.

இறங்கிப் போய்த் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷ வேலை. நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கமா என்றால் வெட்கம்தான். ஆனால் அதற்காக இல்லை. அவன் வந்தா நல்லா இருக்கும்னு இருந்திச்சி. வேற ஒண்ணும் இல்ல.

வந்தான். மொபெட்டைக் கரைமேல் நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து இறங்கி வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"ஏன், ராஜா எறங்க மாட்டாரோ?"

"முட்டி வலின்னாங்க. நீ எதுக்கு வந்த?"

"எஞ்சினைப் பாக்க வந்தேன்."

குனிய முடியாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். திருப்பினான். கை நின்றது.

"வெண்ணெ மாரி திரும்புது. எஞ்சின் இல்லாத வண்டிக்கு எதுக்குடா கிரீஸ் வெச்ச?"

"வண்டி இல்லாத எஞ்சினை நீ எதுக்குடா ஞாயித்துக்கெழமை ஓட வுட்ட?"

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். போகிற வழியெல்லாம் பானெட்டைப் பிடித்துக்கொண்டே போனான். பிறகு இரண்டு தட்டு.

"போட்டாச்சு."

லிவரைத் தள்ளினேன். எழுந்து வந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

காய்ச்சல். சேற்றில் நனைந்ததில் வந்தது. காந்திமதி போன் செய்து, அங்கேயும் ஒருத்தர் காய்ச்சலில் படுத்திருப்பதாகக் கனகத்திடம் சொன்னாளாம். இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இப்போது தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

வண்டியைக் காட்டியாகிவிட்டது. ஆபீசர் சின்ன வயசு. பானெட்டைத் தூக்கச் சொன்னார். சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். பிறகு எஞ்சின் நம்பர். அதற்கு டார்ச் அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றது யாக்கோபு.

"ரெண்டும் ஒண்ணாவே இருந்திருக்கு. இந்த வயசு வண்டில அபூர்வம் சார்" என்றார் ஆபீசர்.

யாக்கோபு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்து டீக்கடையில் சிரிக்க ஆரம்பித்தவன், டீ ஆறுகிறவரை நிறுத்தவில்லை.

ஐந்து வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 25, புதன்

இந்த வருஷம் கேக் தானாக வரவில்லை. நாங்கள் போய்த் தின்றோம். வாசலில் அந்த ஸ்டாண்டு வெறுமனே கிடக்கிறது. காந்திமதி அதன்மேல் துளசிச் செடித் தொட்டி வைத்திருக்கிறாள். எழிலரசிக்கு வரன் பார்க்கிறார்களாம். கல்யாணத்தன்று சர்ச்சுக்கு ஜீப்பில்தான் போவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். பெயின்ட் அடிக்க வேண்டும். பச்சையா, பழைய சாம்பல் நிறமா? யாக்கோபு சாம்பல் என்கிறான். நான் பச்சை. பார்ப்போம்.

ஜனவரி 12, ஞாயிறு

சர்ச் முடிந்து யாக்கோபு வந்தான். ஏரிப் பக்கம் போனோம். தண்ணீர் வடிந்து ஓரத்தில் நல்ல சேறு. சென்னைக்காரப் பசங்க நாலைந்து பேர் புது வண்டிகளில் வந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பொத்தானை அழுத்தினால் ஃபோர்வீல் விழுகிறது, யாரும் இறங்க வேண்டியதில்லை.

சேற்றுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் அசைவே இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

"முட்டி முடியல" என்றான். "நீ எறங்கு."

"அப்ப ஸ்டியரிங்க யாரு புடிப்பா?"

கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் நான் ஓட்டட்டுமா என்று ஒரு தரம்கூட அவன் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லைதான்.

இறங்கினேன். செருப்பு சேற்றிலேயே மாட்டிக்கொண்டது, வெறுங்காலோடு போனேன். இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. நிமிர்ந்தபோது அவன் என் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். "போட்டாச்சு!" என்றேன். பசங்க எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

கிளச்சை இப்படியா விடுவான் ஒரு மனுஷன்! மேல் கம்பியில் மண்டையை இடித்துக்கொண்டேன். இடது பக்கத்து சீட் இந்த ஆட்டம் ஆடும் என்று இத்தனை வருஷத்தில் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.